பெயர்கள் சொல்லும் பிரார்த்தனை

இலங்கையில் ஒருவருடைய பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அவர் எந்த இனத்தவர், எந்த மதத்தவர் என்று தீர்மானித்துக்கொள்வது எமக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 1983 ஜூலை வன்செயல்களின்போது பெயரே பலருக்கு உயிராபத்தாக அமைந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடத்தப்பட்ட தாக்குதல்களையடுத்து, அக்கொடுஞ்செயலுடன் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்கள் தமது பெயர் காரணமாகவே சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டனர். அன்று உறவுகளைப் பறிகொடுத்த கிறிஸ்தவர்களும் சந்தேகத்துக்கு ஆளான முஸ்லிம்களும் தத்தமது பிள்ளைகளுக்குச் சூட்டிவரும் பெயர்களிற் பல ஒன்றேயென்பது இவ்விரு சமூகத்தவராலும் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. அப்பெயர்களின் பழைய வடிவங்களை நாம் எபிரேய மொழியிலே காண்கிறோம்.

எபிரேயப் பெயர்களிற் பெரும்பாலானவை பொருளுடைய சொற்கள். பல, தம்மளவில் முழு வாக்கியங்களாகவே அமைந்தவை. இறைவனைக் குறிக்கும் 'எல்' என்ற சொல்லோ, 'யாவே' என்னும் இறைநாமத்தின் சுருக்கமோ அவற்றின் முன்னோ பின்னோ நிற்கும். தானியேல் என்றால் 'இறைவனே என் நீதிபதி'. மிக்காயேல் என்பது 'இறைவனுக்கு நிகர் யார்?' என்ற வினா. ஆகவே ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்குந்தோறும் ஒரு விசுவாச அறிக்கையோ நன்றியோ பிரார்த்தனையோ வாயினின்று வெளிப்பட்டது. இயேசு என்ற பெயரும் இவ்வாறானதே. 'யாவே மீட்கிறார்' என்று பொருள்படும் யெகோசுவா என்பதன் குறுகிய வடிவம் கிரேக்கத்தின் வழியாக எம்மை வந்தடைந்தது. மோசேக்குப் பின் வந்த யோசுவாவின் பெயரும் அதுவே.

ஆதியாகமத்தின் 16ஆம் அதிகாரம் ஆகாரின் கதையைக் கூறுகிறது. கர்ப்பிணியான அவ்வடிமைப் பெண் கொடுமை தாளாது வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். பிறக்கவிருக்கும் மகனுக்கு இஸ்மவேல் என்று பெயரிடுமாறு அங்கே வானதூதர் பணிக்கிறார். 'இறைவன் செவிசாய்க்கிறார்' என்பது அதன் பொருள். திருக்குர்ஆனின் 14ஆவது அத்தியாயத்தில் நபி இப்றாஹீம் (அலை) அவர்கள், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த இறைவனைப் புகழ்ந்து, அவன் பிரார்த்தனையைச் செவியுறுபவன் என்கிறார்கள். செவியுறுதலைக் குறிக்கும் எபிரேய, அரபுச் சொற்கள் ஒரே வேரின. ஈசாக்கு என்ற பெயரோ 'அவன் நகைக்கிறான்' என்று பொருள்படுவது. முதுமையில் மகன் பிறப்பானெனக் கேட்டு ஆபிரகாமும் சாராளும் நகைத்ததாக ஆதியாகமம் கூறும். திருக்குர்ஆனின் 11ஆவது அத்தியாயமும் இஸ்ஹாக்கைப் பற்றிய நற்செய்தி கூறப்படும் இடத்தில் அந்த அன்னையின் சிரிப்பைக் குறிப்பிடுகின்றது.

வேதம் தரும் பெயர் விளக்கம் எப்போதும் மொழியியலாளரின் விளக்கத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். மோசே என்பதற்கு 'நீரிலிருந்து எடுக்கப்பட்டவர்' என்று யாத்திராகமம் காரணம் கூறுகிறது. 'பிள்ளை' எனப் பொருள்படும் எகிப்தியச் சொல்லே அதன் மூலம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். இதனை முரண்பாடாகக் கொள்ளத் தேவையில்லை. சொல்லின் பிறப்பை ஆராய்வது ஒன்று. பெயர் தாங்கிய மனிதரின் வாழ்வு உணர்த்துவதைக் கூறுவது இன்னொன்று.

இப்பெயர்கள் தமிழுக்கு வந்த வழிகள் பல. யாக்கோபு என்ற பெயர் முஸ்லிம்களிடம் யாகூப் என வழங்குகின்றது. கத்தோலிக்கர் மத்தியில் அதுவே யாகப்பர் என்றும், போர்த்துக்கேயர் வழியாகச் சந்தியாகு என்றும் ஆயிற்று. யோசேப்பு, யூசுப், சூசை ஆகிய மூன்றும் ஒரே பெயர். 'யாவே அருள் புரிந்தார்' எனப் பொருள்படும் யோகனான் என்பதை யோவான் என்று ஒலிபெயர்த்ததோடு தமிழ் நின்றுவிடவில்லை. கத்தோலிக்க வழக்கு அதனை அருளப்பர் என்று பொருள்பெயர்த்தே தனதாக்கிக்கொண்டது. முஸ்லிம்கள் அவரை யஹ்யா (அலை) என்பர். உறவினரில் எவருக்கும் இல்லாத பெயர் அவருக்கு இடப்பட்டதாக லூக்கா நற்செய்தி கூறுகின்றது. திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயமும், அப்பெயர் அவருக்கு முன்னர் எவருக்கும் வழங்கப்படவில்லை என்கிறது.

பெயர் துயரையும் சுமந்தது. கணவனையும் இரு புதல்வரையும் இழந்து ஊர் திரும்பிய நகோமி, 'இனிமையானவள்' என்ற பொருளுடைய தன் பெயரால் அழைக்காது 'கசப்பு' எனப் பொருள்படும் மாரா என்று அழைக்குமாறு ஊராரிடம் வேண்டினாள். பெயர் அதிகாரத்தின் கருவியாகவும் ஆயிற்று. பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூத இளைஞர்களுக்கு அரண்மனை அதிகாரி வேறு பெயர்களைச் சூட்டினான். 'யாவே உதவினார்' என்ற பொருள் கொண்ட அசரியா, அந்நாட்டுத் தெய்வத்தின் அடிமை என்ற பொருளுடையதாகக் கருதப்படும் ஆபேத்நேகோ ஆக்கப்பட்டான். ஓர் இனத்தை அடக்க முனைவோர் முதலில் அதன் பெயர்களில் கைவைப்பது புதிய வழக்கமன்று.

எல்லாவற்றிலும் கடுமையான பெயரை ஓசியா இறைவாக்கினரின் நூலிற் காண்கிறோம். மக்கள் இறைவனைக் கைவிட்டமைக்கு அடையாளமாக, அவருடைய மகனுக்கு லோ அம்மி, அதாவது 'என் மக்களல்லர்' என்ற பெயர் இடப்படுகிறது. அதே நூலில், அடுத்த அதிகாரத்திலேயே, அவர்கள் மீண்டும் 'என் மக்கள்' என அழைக்கப்படுவர் என்ற வாக்குறுதி வந்துவிடுகிறது. விலக்கிவைக்கும் பெயரை இறுதித் தீர்ப்பாக அந்நூல் விட்டுவிடவில்லை. அண்டை வீட்டாரைப் பார்த்து 'இவர்கள் எம்மவரல்லர்' என்று கூறுவதை இலகுவாகப் பழகிக்கொண்ட எமது நாட்டுக்கு இதிலே பாடம் உண்டு.

எமது பாடசாலைகளில் மாணவர்கள் தத்தமது சமயத்தைத் தனித்தனிப் பாடமாகக் கற்கின்றனர். அம்முறையை மாற்றாமலே, இப்பொதுப் பெயர்களைப் பற்றிய ஒரு பாடத்தைத் தமிழ் மொழிப் பாடநூலிற் சேர்ப்பது சாத்தியமானதே. நம்பிக்கைகளுக்கிடையிலான வேறுபாடுகளை மறைப்பது அதன் நோக்கமாகாது. இஸ்மாயீல் என்ற பெயரைச் சோதனைச்சாவடியிலோ வேலைக்கான விண்ணப்பத்திலோ காண்பவர், இறைவன் செவிசாய்க்கிறான் என்ற நம்பிக்கையையே வாசிக்கிறார். சூசை என்று அழைப்பவரும் யூசுப் என்று அழைப்பவரும் ஒரே பெயரையே உச்சரிக்கின்றனர். இதனை அறிந்த பின்னரும் பெயரை வைத்து மனிதரை வெறுப்பதானால், அப்பெயரைத் தந்த வேதத்தையே நாம் அவமதித்தவர்களாவோம்.