பழைய வழக்கும் புதிய விண்ணப்பமும்

லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சேப்பலில், டாயின்பீ ஹால் என்று ஒரு தொண்டு இல்லம் இருக்கிறது. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் 1884இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய இடம். 1963இல் அங்கே தொண்டு செய்ய ஒருவர் வந்து சேர்ந்தார். வயது 48. ஆரம்பத்தில் அவர் செய்தது பாத்திரம் கழுவுவது போன்ற எடுபிடி வேலைகள். அந்த ஆண்டு ஜூன் மாதம்வரை அவர் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர்.

ஜான் புரொஃப்யூமோ என்ற அவர் பெயர் அப்போது ஊர் முழுக்க நாறிப் போயிருந்தது. கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணுடன் அவருக்குத் தொடர்பு. அதே பெண்ணுக்கு லண்டனில் இருந்த சோவியத் கடற்படை அதிகாரி ஒருவருடனும் பழக்கம் என்று பேச்சு. பனிப்போர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்து, தகாத தொடர்பு எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அந்தத் தொடர்பை மட்டும் வைத்து அவரை வீழ்த்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். சபையில் சொன்ன பொய்யை யாராலும் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் அவர் டாயின்பீ ஹாலை விட்டு நகரவில்லை. பாத்திரம் கழுவியவர், இல்லத்துக்கு நிதி திரட்டும் முக்கியப் புள்ளியானார். 1975இல் அரசு விருது கிடைத்தது. 2006இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் கட்டுரைகள் அவருடைய அவமானத்தையும் தொண்டையும் சேர்த்தே எழுதின.

நல்ல கதைதான். ஆனால் புரொஃப்யூமோ வசதியான குடும்பத்துப் பிள்ளை. சம்பளம் இல்லாமல் காலம் தள்ள முடிந்தது. அவர் மீது எந்த நீதிமன்றமும் தண்டனை விதிக்கவில்லை. இன்றைய தன்னார்வலர் நிரப்பும் படிவம் எதுவும் அன்று அவர் முன்னால் நீட்டப்படவும் இல்லை. பத்தொன்பது வயதில் ஓர் அடிதடியில் மாட்டியவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டி அபராதம் கட்டியவர், கடையில் பொருள் திருடி ஒரு மாதம் உள்ளே இருந்தவர் எல்லாம் முப்பத்தைந்து வயதில் தொண்டு செய்ய நினைத்தால் நிலைமை வேறு. படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: ‘உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததுண்டா?’ அங்கே பேனா நின்றுவிடும். பலர் அந்த இடத்திலேயே படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். எப்படியும் எடுக்க மாட்டார்கள், எதற்கு வம்பு என்று.

அந்த முடிவு எவ்வளவு சரி? விதிகளை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அமெரிக்காவில் அமெரிகார்ப்ஸ் என்றொரு அரசுத் தொண்டு அமைப்பு உண்டு. 1993இல் கிளின்டன் காலத்துச் சட்டத்தால் உருவானது. பள்ளிகளில் பாடம் சொல்லித் தருவது, புயல் அடித்த ஊர்களைச் சீரமைப்பது, ஏழைகளுக்கு வீடு கட்டுவது என்று பல வேலைகள். இதன் பணிகளில் சேருபவரின் பின்னணியை மூன்று வழிகளில் துழாவுகிறார்கள். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்று. மாநிலக் காவல் ஆவணங்கள் இரண்டு. கைரேகையை வைத்து எஃப்.பி.ஐ. பார்ப்பது மூன்று. இவ்வளவு சல்லடை போட்டுவிட்டு, சட்டம் யாரைக் கட்டாயமாக விலக்குகிறது தெரியுமா? நான்கே வகை ஆட்களை. கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவர், அல்லது இருக்க வேண்டியவர். சரிபார்ப்புக்குச் சம்மதிக்காதவர். அதில் பொய் சொன்னவர்.

இந்த நான்கில் பின்னிரண்டை இன்னொரு முறை பாருங்கள். அவை பழைய குற்றத்தைப் பற்றியவையே அல்ல. இன்று, இந்த மேஜையில், இந்தப் படிவத்தில் நடப்பதைப் பற்றியவை. திருட்டு, போதைப்பொருள், அடிதடி எல்லாம் அந்தந்தத் திட்டத்தை நடத்துபவர் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டிய சங்கதிகள். அவர் மறுக்கலாம், ஏற்கவும் செய்யலாம். பொய்க்கோ எடைபோடும் பேச்சே கிடையாது.

அமெரிக்காவின் இன்னொரு அமைப்பு இதைவிடப் பழையது, புகழ்பெற்றது. தமிழில் அமைதிப் படை என்று சொன்னால் ஈழத்துக்குப் போன ராணுவமோ சத்யராஜ் படமோ நினைவுக்கு வந்து தொலைக்கும். ஆகவே பீஸ் கோர் என்றே வைத்துக்கொள்வோம். 1961 மார்ச் 1ஆம் தேதி கென்னடி பிறப்பித்த ஆணையால் பிறந்தது. இதுவரை 2,40,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இதன் வழியாகப் பணியாற்றியிருக்கிறார்கள். ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் 68 வயதில் இதில் சேர்ந்து, பம்பாய் விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தார். பயிற்சியும் பணியும் சேர்த்து 27 மாதம்.

பீஸ் கோர் விதியில் கைது, தண்டனை என்ற சொற்களைவிட முக்கியமாக நிற்பது வேறொன்று: இன்னும் முடியாத கடன். நன்னடத்தைக் கண்காணிப்பிலோ பரோலிலோ இருப்பவர் சேர முடியாது. நீதிமன்றம் விதித்த பணக் கடமையோ வேறு சட்டக் கடமையோ பாக்கி இருந்து, அதை முடிக்கவோ தள்ளிவைக்கவோ முடியாத நிலை என்றாலும் கதவு திறக்காது. காரணம் எளிது. மாதாமாதம் கண்காணிப்பு அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டியவர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் இரண்டு வருடம் இருக்க முடியாது. குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டியவர், சம்பளமில்லாத வேலைக்குப் போனால் அந்தக் குழந்தைக்கு யார் சோறு போடுவது? கணக்கு தீர்ந்துவிட்டால் மற்றதை உட்கார்ந்து பேசலாம். கேட்ட விவரத்தை மறைத்தாலோ திரித்துச் சொன்னாலோ அதையே காரணமாக்கி விலக்கலாம் என்று இங்கேயும் விதி இருக்கிறது. பணியில் சேர்ந்தபின் தெரியவந்தாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

இதே விதிப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவருக்கு பீஸ் கோரில் ஆயுள் முழுக்க இடமில்லை. மற்ற உளவு அமைப்புகளில் இருந்தவர்கள் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். தொண்டர் வேஷத்தில் ஒற்றர் வந்திருக்கிறார் என்று ஒரு நாடு சந்தேகப்பட்டால் அங்கே இருக்கும் மொத்தத் தன்னார்வலர்களுக்கும் ஆபத்து என்பதே காரணம். ஆக, இளமையில் கடையில் திருடியவருக்குப் பேசிப் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அரசுக்காக உளவு பார்த்து நல்ல பெயர் வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு துருவல் தேவையா என்று கேட்பவர்கள் 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சோகம் என்ற சிற்றூரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பணியாளர். முன்பு அவர் வசித்த பகுதியில் அவர் மீது பாலியல் புகார்கள் பல எழுந்திருந்தன. எதுவும் தண்டனைவரை போகவில்லை. காவல்துறை அந்தத் தகவல்களை ஒழுங்காகப் பாதுகாக்கவும் இல்லை. பள்ளிக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணை 2004இல் அறிக்கை தந்தது. 2006இல் குழந்தைகளையும் நலிந்தோரையும் காக்கப் புதுச் சட்டம் வந்தது. பின்னணிச் சரிபார்ப்பைச் சடங்கு என்று அலட்சியமாகப் பேசுபவர்களோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடு கிடையாது.

அதே பிரிட்டனில் எதிர்த்திசையில் இழுக்கும் சட்டமும் உண்டு. 1974இல் வந்த குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டத்தின்படி, தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் மறுபடி தப்பு செய்யாமல் இருந்தால் அந்தப் பழைய தண்டனை ‘செலவழிந்துவிட்டது’ என்று கருதப்படும். கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் காலம் இன்னும் குறைந்திருக்கிறது: ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனைக்கு, அது முடிந்தபின் ஓராண்டு, நான்காண்டு வரை என்றால் நான்காண்டு. அதற்கு மேற்பட்ட தண்டனைக்கு ஏழாண்டு, கொடிய குற்றங்கள் நீங்கலாக. ஆயுள் தண்டனையும் என்றைக்கும் செலவழியாது. குழந்தைகள், நோயாளிகள் பக்கம் போகும் பணிகளுக்கு 1975இலேயே விதிவிலக்கு செய்துவிட்டார்கள். அங்கே செலவழிந்ததையும் தோண்டிப் பார்ப்பார்கள். அப்படியும் பழைய சில்லறைக் குற்றங்கள் சான்றிதழில் வராதபடி வடிகட்ட 2013 முதல் ஏற்பாடு இருக்கிறது. தன்னார்வலர்களிடம் அந்தச் சான்றிதழுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை.

பழைய கறையே தகுதியாகிவிட்ட ஓர் இடமும் அங்கே உண்டு. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களிடம் பேச, சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு சமாரிட்டன்ஸ். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’வும் அதே மரபில் வந்ததுதான். சிறைகளுக்குள் தற்கொலைகள் கவலை தந்த காலத்தில், 1991இல், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ சிறையில் சமாரிட்டன்ஸ் ஒரு காரியம் செய்தது. கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக கைதிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் தன்னார்வலர்களாக ஆக்கியது. வெளியே தொலைபேசியை எடுக்கும் தொண்டர் எந்த அளவுக்கு ரகசியம் காக்க வேண்டுமோ அதே அளவுக்கு இவர்களும் காக்க வேண்டும். நடு இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் முறைப்பணியில் இருக்கும் கைதியை எழுப்பிக் கூட்டிவருவார்கள். முதல் ராத்திரி பூட்டு விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் வந்து பக்கத்தில் உட்காருவதற்கும், சீருடைக்காரர் வந்து விசாரிப்பதற்கும் எவ்வளவோ தூரம். அந்த ஏற்பாடு பின்பு பிரிட்டனின் பிற சிறைகளுக்கும் பரவியது.

நம் ஊர் நிலவரம்? நம்மிடம் அரசுத் தொண்டர் படை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊர்க்காவல் படை. 1946 டிசம்பரில், கலவரக் காலத்து பம்பாயில் பிறந்து, 1962 சீனப் போருக்குப் பிறகு நாடெங்கும் சீரமைக்கப்பட்டது. திருவிழாக் கூட்டத்திலும் தேர்தல் நாளிலும் போலீஸாரோடு நிற்பவர்கள் அவர்கள்தான். ஆள் சேர்க்கும் விளம்பரங்களில், குற்ற வழக்கு எதுவும் இருக்கக் கூடாது என்ற வரி வழக்கமாக இடம்பெறும். தடியும் சீருடையும் தருகிற இடத்தில் அந்தக் கண்டிப்பு புரிகிறது. ஆனால் சாலை மறியலில் கைதான கல்லூரி மாணவனையும் கந்துவட்டிக்காரனின் அடியாளையும் ஒரே வரியால் வடிகட்டுவது நியாயமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் பார்த்திருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு, வேலையில் சேரும்போது பழைய வழக்கை மறைத்தவர்களைப் பற்றியது. படிவத்தில் கேட்டதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பதில் நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அதே சமயம், சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், வேலை தருபவர் தம் விருப்பப்படி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் சொன்னது. உண்மையை எழுதிவிட்டதாலேயே வேலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் படிவத்தைப் பரிசீலிக்கும் செயலாளர்கள் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

இன்னும் இரண்டு சட்டப் பிரிவுகள் பலருக்குத் தெரிவதில்லை. தண்டனைக்குப் பதிலாக, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தக் குற்றத் தீர்ப்பின் காரணமாகச் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது அதன் 12ஆவது பிரிவு. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சிறாருக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்ட பதினாறு வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஆகவே தொண்டு செய்யக் கிளம்புகிறவர், முதலில் தம் மீது இருந்தது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையோடு நின்றதா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, விடுதலையா, அபராதமா, தண்டனையா? ‘ஏதோ கேஸ் இருந்துச்சுங்க’ என்ற பதில் யாருக்கும் உதவாது. வழக்கு நடந்த நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, நடந்தது என்ன, அதற்குப் பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.