முந்தி விழுந்த ஓட்டு – 6: பன்னிமண்டபத்து மை

பனி பாதையை மூடுவதற்குள், 1951 அக்டோபரிலேயே ஓட்டுப் போட்டுவிட்ட இமாச்சல ஆசிரியர் ஷியாம் சரண் நேகியைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டிலிருந்தபடியே முன்கூட்டி வாக்களிக்கும் முதியவர்களின் கதை இந்த வாரம் வந்திருக்க வேண்டும். ஆனால் மைசூரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மைசூரு பன்னிமண்டபம் பகுதியில் இருக்கிறது மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937இல், அரக்கு, பெயிண்ட் தொழிற்சாலையாகத் தொடங்கியது. இன்று கர்நாடக அரசு நிறுவனம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை வாக்காளர் விரலில் ஏறும் அழியாத மை இங்கேதான் தயாராகிறது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த கலவை அது. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரிலிருந்து போகிறது. கடையில் கேட்டால் கிடைக்காது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட புட்டிகள் இங்கிருந்து கிளம்பின. 10 மில்லி புட்டி ஒன்று சுமார் 700 பேருக்குப் போதும்.

மையின் உயிர் சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். பிறகு சோப்பும் எண்ணெயும் ஒன்றும் செய்ய முடியாது. தோலில் சில நாட்களில் மங்கும். நகத்தில் ஏறியது, நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை, வாரக்கணக்கில் இருக்கும்.

வாக்குச்சாவடியில் இந்தப் புட்டிக்கு நடக்கும் உபசாரமே தனி. சாய்ந்து கொட்டிவிடாதபடி, மணல் நிரப்பிய டப்பாவில் நட்டு வைப்பார்கள். இடது ஆள்காட்டி விரலில் யாராவது எண்ணெய் தடவி வந்திருந்தால், துணியால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க வேண்டும். முன்பு நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். 2006 முதல் நக நுனியிலிருந்து முதல் கணுவின் அடிவரை ஒரு கோடு. மை காயாமல் வாக்காளர் வெளியே போகக் கூடாது.

இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மலேசியாவைக் கேட்க வேண்டும். 2013 மே 5 பொதுத்தேர்தலுக்கு முன், ஏப்ரல் 30 அன்றே காவல்துறையினரும் ராணுவத்தினரும் வாக்களித்தார்கள். வைத்த மை கழுவினால் போய்விடுகிறது என்று அன்றே புகார் கிளம்பியது. புட்டியைக் குலுக்காமல் பயன்படுத்தியதே காரணம் என்றது தேர்தல் ஆணையம். மையில் கலந்திருந்தது உணவுக்கான நிறமி என்பது பின்னர் வெளிவந்தது. முன்கூட்டி வாக்களிப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தாலும், மக்களுக்கு அதன் மேல் நம்பிக்கை வராவிட்டால் பயனில்லை.

ஒருவரே இரண்டு முறை ஓட்டுப் போடாமல் தடுக்கப் பிறந்தது மை. இன்று அது இன்னொரு வேலையும் பார்க்கிறது. மை வைத்த விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்று பெங்களூரு ஓட்டல்கள் சில அறிவித்ததுண்டு. தேவைதான்: 2024 ஏப்ரல் 26 அன்று மைசூரு-குடகு தொகுதியில் பதிவானது சுமார் 70 சதவீதம், பெங்களூரு தெற்கிலோ சுமார் 53தான். காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவரின் கறுத்த விரலை பால்காரர் பார்க்கிறார், பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள், "நீங்க போட்டாச்சா?" என்ற பேச்சு தெருவில் தானாகக் கிளம்புகிறது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஓடிப்போய்ப் போடுகிறவரின் விரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முடிந்தவர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று இந்தத் தொடர் வாராவாரம் வற்புறுத்துவது இதனால்தான்.

வரிசையில் நிற்கவே முடியாதவர்கள்? கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது கடந்தவர்களின் வீடு தேடி வாக்குச்சீட்டு போனது. 2024இல் அந்த வயது வரம்பு 85 ஆக உயர்ந்தது. அதற்கான 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பல வீடுகளில் நழுவிப்போவது அந்த ஐந்து நாட்கள்தான். படிவத்தை யாரிடம் வாங்குவது, வீட்டுக்கு யார் யார் வருவார்கள், ரகசியம் எப்படிக் காக்கப்படுகிறது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)