முறிவதற்கென்றே ஓர் ஊசி

எங்கள் புளோக்கில் பதினோராவது மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவர் படகு கட்டுகிறார். படுக்கையறையில் வைத்துக் கட்டுகிறார். படகின் நீளம் நாலரை மீட்டர். அறையின் நீளம் அதைவிடக் குறைவு. சிங்கப்பூரின் சிராங்கூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர் வேறு எங்கே போவார்? வெளி நடைபாதையில் சாத்தி வைக்கலாம் என்றால், தீப்பிடித்தால் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் அகலம் விட்டாக வேண்டும் என்று விதி. ஆகவே அவர் கட்டுவது மடிப்புப் படகு. அலுமினியக் குழாய்களால் ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் உறைபோல இழுத்து மாட்டும் நீர்புகாத் துணி. கழற்றினால் எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிக் கட்டிலுக்கடியில் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவில் மீன் வாங்கித் திரும்பிய என்னைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, குறடு போன்ற ஒரு கருவியைக் கையில் கொடுத்தார். “அமுக்குங்க தம்பி.” அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன். மூன்றாவது முறை ‘டக்’கென்று ஏதோ உடைந்தது. எனக்குப் பகீரென்றது. அவர் சிரித்தார். “உடையணும். உடைஞ்சாத்தான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

நான் போட்டது ஒரு ரிவெட். தமிழில் தறையாணி: இரண்டு தகடுகளின் வழியே நுழைந்து, இரு முனைகளிலும் தலை விரிந்து, அவற்றைக் கவ்விக்கொள்ளும் மரையில்லாத ஆணி. பட்டறையில் ‘ரிவிட்’. ஒருவருக்கு வசமாக ஆப்பு வைப்பதைச் சென்னையில் ‘ரிவிட் அடிப்பது’ என்பார்களே, அதே ரிவிட்தான். அடித்தால் திரும்பி வராது. பார்க்க வேண்டுமா? உங்கள் வீட்டு அலுமினியக் கடாயின் காதைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்த இரண்டு மொட்டுகள் தெரியும். பல ஆண்டுகள் தாளித்தாலும் அந்தக் காது ஆடுவதில்லை.

படகுக்குத் திருகாணி போட்டால் என்ன? போடலாம். ஆனால் அலைகள் நாள் முழுக்கக் குலுக்கும்போது மரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். ரிவெட்டுக்கு மரையே இல்லாததால் பின்வாங்க வழியும் இல்லை. சரி, பற்றவைத்துவிடலாமா? இங்கேதான் அலுமினியம் தன் குணத்தைக் காட்டுகிறது. அது உருகுவது 660 டிகிரி செல்சியஸில். காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் ஓர் ஆக்சைடு படலம் படர்ந்துவிடும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் உருகுவதற்குள் சதை உருகி ஓடிவிடும் பழம்போல. அண்ணன் வாங்கியிருக்கும் குழாயின் சுவரோ ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம்தான். தேர்ந்த கை பற்றவைத்துவிடும். ஆனாலும் அந்தச் சூட்டில், பதப்படுத்திக் கடினமாக்கிய இந்த வகைக் குழாய் தன் வலுவில் ஏறத்தாழ பாதியைப் பற்றவைத்த இடத்தில் இழந்துவிடும். ரிவெட் குளிர்ந்த நிலையிலேயே வேலையை முடிக்கிறது. குழாயின் வலு குழாயிலேயே இருக்கிறது.

எடையும் சொல்ல வேண்டும். விரல் நுழையும் பருமனுள்ள, 19 மில்லிமீட்டர் விட்டக் குழாய் அது. ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏறத்தாழ 190 கிராம், அதாவது ஒரு கைப்பேசி. முன்னிருந்து பின்வரை ஓடும் ஏழு நெடுங்குழாய்களும் சேர்ந்து ஆறு கிலோவைத் தாண்டவில்லை. எஃகில் செய்திருந்தால் மூன்று மடங்கு ஆகியிருக்கும். பதினோராவது மாடிக்காரருக்கு அது பெரிய விஷயம்.

இனி அந்த ‘டக்’. நான் போட்டது பாப் ரிவெட் என்ற வகை. அது ஒரு பொருள் அல்ல, இரண்டு. வெளியே, தொப்பிபோன்ற விளிம்புள்ள ஒரு சின்ன அலுமினியக் குழல். அதன் நடுவே, ஊசி: குண்டூசிபோல ஒரு முனையில் மட்டும் தலையுள்ள கம்பி. தகடுகளின் துளையில் குழலைச் செருகினால் விளிம்பு இந்தப் பக்கமும் ஊசித்தலை அந்தப் பக்கமும் நிற்கும். கருவியின் பற்கள் ஊசியின் வாலைக் கவ்விப் பின்னால் இழுக்கின்றன. ஊசித்தலை குழலின் மறுமுனையை அழுத்துகிறது. போக இடமில்லாத குழல் பக்கவாட்டில் பிதுங்கி, தகட்டின் பின்னால் ஒரு தலையாக மலர்கிறது. தகடுகள் நெருங்குகின்றன. இனி நெருங்க இடமில்லை என்றானதும் இழுவிசை மளமளவென்று ஏறுகிறது. ஊசியின் கழுத்தில் ஓரிடத்தை மட்டும் தொழிற்சாலையிலேயே மெலிதாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே முறிகிறது.

முறியும் விசை முன்கூட்டியே கணக்கிட்டது. ஊசி முந்தி முறிந்தால் தகடுகள் தளர்ந்திருக்கும். பிந்தினால் குழல் கிழியும். எஃகு ஊசி என்றால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான இழுப்பில்தான் அது விடுகிறது. அவ்வளவு பலம் என் கைக்கு ஏது? கருவியின் நீண்ட பிடிகள் நெம்புகோலாகி என் பிடியைப் பல மடங்காக்கித் தருகின்றன. அளவு பார்க்கும் கருவி ஒன்றும் தேவையில்லை. ஊசியே அளவுகோல், ஊசியே ஆணி, வேலை முடிந்ததும் ஊசியே மணியடிக்கிறது. தோற்றுப்போவதையே வேலையாகச் செய்யும் பாகம் இதைப்போல இன்னொன்று எனக்குத் தெரிந்து ஃபியூஸ் கம்பிதான்.

இதெல்லாம் எதற்கு, சுத்தியலால் அடித்தால் போதாதா? நடுவே துளையில்லாத முழு ரிவெட்டை அப்படித்தான் அடித்தார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்: வெளியே ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலுடன், உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் முட்டுக்கொடுத்தபடி. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. காதைப் பிளக்கும் சத்தம் வேறு. விமானத் தொழிற்சாலைகளில் அவர்கள் தட்டிப் பேசிக்கொண்டார்கள். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் ‘இன்னும் அடி’. இரண்டு என்றால் ‘சரி’. மூன்று என்றால் ‘கெட்டுவிட்டது, எடுத்துவிடு’. ஆனால் 19 மில்லிமீட்டர் குழாய்க்குள் யார் போய் உட்கார்ந்து தட்டுவது? ஹாமில்டன் நீல் வைலி என்ற பிரிட்டிஷ் கடற்படைப் பொறியாளர் 1916-இல் குழல் ரிவெட்டுகளை மூடும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். பிறகு ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் விமான நிறுவனத்தில் சேர்ந்து, 1927-இல் ஊசியை இழுத்து மூடும் முறைக்கு வந்து சேர்ந்தார். உள்ளே இருந்தவரின் வேலையை அந்த ஊசித்தலை எடுத்துக்கொண்டது.

விமானம் என்றதும் படகை விட்டு விலகிவிட்டதாக நினைக்க வேண்டாம். சிராங்கூன் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் சிலேத்தார். 1928 பிப்ரவரி 28 அன்று அங்கே நான்கு படகுகள் வந்து இறங்கின, ஆம், வானத்திலிருந்து. முந்தைய அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய சூப்பர்மரீன் சவுதாம்டன் பறக்கும் படகுகள் அவை. வடிவமைத்தவர், பின்னாளில் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை உருவாக்கிய ஆர். ஜே. மிட்செல். ஒவ்வொன்றும் பதினைந்தரை மீட்டர் நீளம். நம் இரட்டை மாடிப் பேருந்தைவிட நீளம். அவற்றின் அடிவயிறு முழுவதும் டியூராலுமின் என்னும் அலுமினியக் கலவை; தகடும் சட்டமும் ரிவெட்டால் பிணைத்தவை.

அதற்கு முந்தைய சவுதாம்டன்களின் அடிப்பகுதி மரம். மரத்துக்கு ஒரு தாகம் உண்டு: கடலில் நின்றபடியே அது குடித்துவைத்த தண்ணீர் மட்டும் 180 கிலோவரை போகுமாம். மூன்று பயணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு பறப்பதுபோல. உலோகத்துக்கு மாறியதும் அந்தத் தண்ணீரும் போய், அடிப்பகுதியின் எடையும் குறைந்து, மொத்தம் 400 கிலோவுக்கு மேல் மிச்சம். பறக்கும் தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல் கூடியது. அந்த நான்கு படகுகளும் ஆஸ்திரேலியாவைச் சுற்றி, ஹாங்காங் போய்த் திரும்பி, மொத்தம் 43,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தன. பூமியின் சுற்றளவே 40,000. 1929 ஜனவரியில் சிலேத்தாரிலேயே அவை பிரிட்டிஷ் விமானப்படையின் 205-ஆம் படைப்பிரிவாயின. இரண்டாம் உலகப்போரில் சென்னையின் செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிய கேட்டலினா பறக்கும் படகுகளும் இந்த ரிவெட் வம்சந்தான்.

டியூராலுமின் ரிவெட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் 1906-இல் கண்டுபிடித்தது: அலுமினியத்தில் கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்து, 500 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று ஆற்றினால் உலோகம் மிருதுவாக இருக்கிறது. சும்மா விட்டுவைத்தால் அது தானே கடினமாகிறது! யாரும் தொடவில்லை, சுடவில்லை. மேசைமேல் கிடந்தபடியே முறுக்கேறுகிறது.

ஏன் என்பதற்கு ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக்கு வாருங்கள். ஐந்தடிப் பாதையில் கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும். எல்லோரும் தனித்தனியாக நடக்கும்வரை தடையில்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் சந்தித்து நின்று பேசத் தொடங்கினால் போதும். அங்கங்கே அப்படிப் பத்து வட்டம் கூடிவிட்டால் யாராலும் நகர முடியாது. உலோகம் வளைவதென்றால் அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். சட்டென்று ஆற்றிய கலவையில் செம்பு அணுக்கள் முதலில் சிதறிக் கிடக்கின்றன. நேரம் ஆக ஆகக் கூடிக் கூடி நின்று வழுக்கலை மறிக்கின்றன. எக்ஸ் கதிர்களால் இந்தக் கூட்டங்களைக் கண்டுசொன்னவர்கள் கினியே, பிரஸ்டன் என்ற இருவர், 1938-இல், தனித்தனியாக.

இதனால் தொழிற்சாலைக்கு ஒரு தலைவலி. மிருதுவாக இருக்கும்போதே ரிவெட்டை அடித்துவிட வேண்டும்; தாமதித்தால் விரிசல் விடும். சில கலவைகளுக்குக் கிடைக்கும் அவகாசம் பத்து இருபது நிமிடம்தான், நாம் ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம். வழி? உறைபெட்டி. சூடாக்கி ஆற்றிய ரிவெட்டுகளைச் சுழியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் போட்டுவைத்தால் அணுக்களின் கூட்டம் கூடுவதே மந்தமாகி, நாள்கணக்கில் மிருதுவாகக் கிடக்கும். வேண்டியபோது வேண்டியதை எடுத்து, உருகுவதற்குள் தின்னும் ஐஸ்கிரீம்போல அவசரமாக அடித்துவிடுவார்கள். ‘ஐஸ்பெட்டி ரிவெட்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

அண்ணனின் ரிவெட்டுகளுக்கு ஐஸ்பெட்டி வேண்டாம். அவை வேறு கலவை, வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அவருடைய கவலை துளைகள். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 3.3 மில்லிமீட்டர் துளை. இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே மூன்று மடங்காவது. நெருக்கிப் போட்டால் அதிக பலம் என்று தோன்றும். அஞ்சல்தலைத் தாளில் துளைகள் ஏன் நெருக்கமாக இருக்கின்றன என்று யோசித்தால் அந்த ஆசை போய்விடும்.

வரிசையாகப் போன ரிவெட்டுகளைப் பார்த்தபோது எனக்குத் தையல்தான் நினைவுக்கு வந்தது. சோழமண்டலக் கரையில், சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலில் வந்தவர்களை அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகள் ஆணியே இல்லாதவை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை நெகிழ்ந்து கொடுக்கும், பிளக்காது. கட்டுமரமோ பெயரிலேயே கட்டு. மடிப்புப் படகின் எலும்புக்கூடும் அந்த வழிதான்: ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் உள்ளே ஒரு சிறுகுழாய் ஒருபக்கம் மட்டும் ரிவெட்டால் பிணைந்திருக்கும், மறுபக்கம் செருகிக் கழற்றலாம். நுழைவதும் வருவதும் குடைக்கம்பி மாதிரி.

ஒரு ரிவெட் எவ்வளவு தாங்கும்? எஃகு ஊசியுள்ள சாதாரண 3.2 மில்லிமீட்டர் அலுமினிய ரிவெட்டைக் குறுக்கே வெட்ட ஏறத்தாழ 50 கிலோ விசை வேண்டும். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகள், ஒரு நெல்மணியின் பருமனுள்ள ஆணியில்! ஆனால் அண்ணன் எஃகு ஊசியைப் படகில் சேர்ப்பதில்லை. முறிந்த ஊசியின் தலை ரிவெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். எஃகு ஒன்று, அலுமினியம் ஒன்று, நடுவே உப்புத் தண்ணீர்: இது ஒரு பேட்டரி. மின்னோட்டம் ஓட ஓட அரிக்கப்படுவது அலுமினியம். ஆகவே அவர் ஊசியும் அலுமினியமாகவே இருப்பதை வாங்குகிறார். வலு கொஞ்சம் குறைவு. ஈடாக ஒரு ரிவெட் அதிகம் போடுகிறார். கடலிலிருந்து வந்ததும் சட்டத்தை நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறார்.

எனக்கும் ஓர் இணைப்பைத் துளையிடத் தந்தார். நான் துளைமுனையைக் கவனிக்காமல் நாலு மில்லிமீட்டர் போட்டுவிட்டேன். ‘டக்’ என்னமோ கச்சிதமாகத்தான் கேட்டது. ஆனால் குழாய் லொடலொடவென்று ஆடியது. ஊசி தன் இழுப்பை மட்டுமே அறியும், துளையை அறியாது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ரிவெட்டின் தலையைத் துளைமுனையால் சீவி எடுத்தார். மிச்சம் குழாய்க்குள் விழுந்தது. நாலு மில்லிமீட்டர் ரிவெட் ஒன்றை அதே துளையில் போட்டுச் சரிசெய்தார். விழுந்ததை வெளியே எடுக்கப் பார்த்தோம், வரவில்லை. அலுமினியம்தானே, கிடக்கட்டும் என்றார்.

போன மாதம் பொங்கோல் பக்கம் அந்தப் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். துடுப்பு போடும் ஒவ்வொரு முறையும் என் முழங்காலுக்கு அருகே குழாய்க்குள் சிலம்பின் பரல்போல ஏதோ உருண்டது. முன்னால் இருந்தவர் திரும்பாமலே, “உங்களோடதுதான் தம்பி” என்றார்.