முதலில் தண்ணீர், பிறகே ஓட்டோ

சித்திரைப் புத்தாண்டையொட்டிச் சூரியன் யாழ். குடாநாட்டின் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஏப்ரல் 5 அளவில் தென்னிலங்கையில் தொடங்கும் பயணம், பத்து நாளில் வடமுனையைத் தொடும். அந்த நாட்களில் மத்தியானம் நெல்லியடிச் சந்தியில் மின்கம்பத்துக்குக்கூட நிழல் இராது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கடைத் தாழ்வாரங்களுக்குள் ஒதுங்குவார்கள். கரவெட்டி, துன்னாலைத் தோட்டங்களில் குனிந்து நிற்பவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

வெப்பமானி காட்டும் இலக்கத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது. உலராத வியர்வை சட்டையை நனைக்குமே தவிர உடலைக் குளிர்விக்காது. நிழலில் 32 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 70 சதவீதம் என்றால் உடம்புக்கு அது 41 பாகை. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 பாகை வரை கூடலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையில் இருப்பது இந்தக் கணக்குத்தான். செய்தியின் கடைசியில் வருவதால் பலர் அதற்குள் வானொலியை நிறுத்திவிடுகிறார்கள்.

2024 இல் அப்படி நிறுத்திவிட்டு இருக்க முடியவில்லை. மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்துபோனான். வெயிலில் விளையாட்டுப் போட்டி வைக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்திலேயே வெப்பத்தால் உயிரிழப்புகள் என்ற செய்தி வந்தது.

ஆனால் வெப்பம் ஆளைத் திடீரென்று வீழ்த்துவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். காலையில் வெங்காயம் பிடுங்க இறங்கிய பெண், பத்து மணி தாண்டியதும் “தலையிடிக்குது” என்பார். பிறகு தலைச்சுத்து, சத்தி வருமாப்போல் ஓங்காளம், கெண்டைக்காலில் பிடிப்பு. வியர்வை ஊற்றும், ஆனால் தொட்டால் தோல் குளிர்ந்து பிசுபிசுக்கும். நாடி வேகமாக அடிக்கும். சலம் கடும் மஞ்சளாகப் போகும், அல்லது காலையிலிருந்து போயே இருக்காது. தோட்டத்தில் ஒதுக்கிடம் இல்லையென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர்; இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதுதான் வெப்பச் சோர்வு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறினால் அரை மணி நேரத்துக்குள் ஆள் தேறிவிடுவார். ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணியோ போதும். பனடோல் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, அந்தக் குளிசைக்கு இங்கே வேலையும் இல்லை.

பேச்சுத் தடுமாறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்ப அதிர்ச்சி. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்து கொதிக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கலாம். உடனே 1990 க்கு அழைக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசம். நெல்லியடியிலிருந்து மந்திகை ஆதார வைத்தியசாலை கிட்டத்தான். அந்தத் தைரியத்தில் ஆளை அப்படியே ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது பிழை. வண்டி வரும்வரைக்கும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை, பம்ப் ஓடினால் குழாயையே பிடித்து, உடம்பெல்லாம் ஊற்ற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். சூடு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு மூளையும் சிறுநீரகமும் கெடும். நினைவில்லாதவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

வயோதிபர்களின் நிலை வேறு. அவர்கள் வெயிலில் இறங்கத் தேவையில்லை. தகரக் கூரையின் கீழ் மத்தியானம் படுத்திருந்தாலே வெப்பம் தாக்கிவிடும். தாக உணர்வு குறைந்திருக்கும். பிரஷருக்கு எடுக்கும் சில குளிசைகள் சலத்தைக் கூடுதலாகப் போகச் செய்யும். தாமாக அவற்றை நிறுத்தக்கூடாது, கிளினிக்கில் கேட்க வேண்டும்.

சூரியன் ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் குடாநாட்டின் உச்சியைக் கடக்கும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதித் திருவிழாவும் அதை அண்டித்தான் வரும். விடுமுறையில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள், இறங்கி மூன்றாம் நாளே விரதமிருந்து காவடி எடுப்பார்கள், சுடுமணலில் பிரதட்டை அடிப்பார்கள். உடல் ஒரு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரமாகும். நேர்த்தியைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாதுதான். விடியப்புறத்தில் செய்யச் சொல்லலாம். வழியெங்கும் தாகசாந்திப் பந்தல்களில் சர்பத்து தாராளமாகக் கிடைக்கிறது. அதே பந்தலில் உப்பு மோர் ஒரு வாளி, ஆள் படுக்க ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குழாய் இவற்றையும் வைப்பது பந்தல் போடும் இளைஞர்களுக்குப் பெரிய செலவாகாது.