சதுர அடிக் கணக்கில் ஒளிந்திருப்பவை

வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டு எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம்., ஆற்று மணலா எம்-சாண்டா என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். மரவேலைக்கு வந்ததும் எல்லாக் கேள்வியும் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது: “சதுர அடி எவ்வளவு?”

மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவர் கையில் அட்வான்ஸ் கொடுப்பதுதான் இன்று பரவலான வழக்கம். அந்த விலை முகப்பின் பரப்புக்கு மட்டுமே. உள்ளே என்ன இருக்கும் என்று அது சொல்வதில்லை.

படுக்கையறைக்கு ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்வோம். அகலம் 6 அடி, உயரம் 7 அடி, ஆழம் 2 அடி. முகப்பு 42 சதுர அடி. பில்லில் வரப்போவது இந்த 42-தான். இப்போது உள்ளே போகும் பலகையை எண்ணிப் பார்க்கலாம். பக்கப் பலகை இரண்டு, நடுத்தடுப்பு ஒன்று: 42 சதுர அடி. மேலும் கீழும்: 24. ஒரு பக்கத்துக்கு மூன்றாக ஆறு தட்டுகள்: 36. கதவுகள்: 42. மொத்தம் 144 சதுர அடி. எட்டுக்கு நான்கு பிளைவுட் ஷீட் ஒன்று 32 சதுர அடி. ஆக, நாலரை ஷீட். வெட்டில் வீணாவதையும் சேர்த்தால் ஐந்து. பின்பக்கத்துக்கு அடிக்கும் மெல்லிய பிளை தனிக்கணக்கு.

ஆறு தட்டை மூன்றாகக் குறைத்தால் 18 சதுர அடி மிச்சமாகிறது. டிரா வைக்காமல் விட்டால் சேனல் செலவும் கூலியும் மிச்சம். பின்பலகையை விட்டுவிட்டுச் சுவரையே பின்பக்கமாக்கினால் இன்னும் மிச்சம். இத்தனைக்குப் பிறகும் முகப்பு அதே 42 சதுர அடிதான். ஒருவர் விலை இன்னொருவர் விலையைவிடக் குறைவாக இருப்பதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். தட்டு எத்தனை, டிரா எத்தனை, எந்தப் பலகை எத்தனை எம்.எம். என்று வரைபடத்தில் எழுதிக்கொடுத்து விலை கேட்டால்தான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும்.

அடுத்தது பிளைவுட்டின் தரம். பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, தண்ணீர் படும் இடத்துக்கான மெரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. 710 தரத்துப் பலகையின் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டெடுத்த பிறகும் அதன் பசை விடக் கூடாது. சமையலறை சிங்க்குக்குக் கீழும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் இந்தத் தரம் வேண்டும். ஹாலில் டி.வி. அலமாரிக்கு அவ்வளவு தேவையில்லை. வீடு முழுக்க ஒரே பிளை என்று பேசுவதைவிட, இடத்துக்கு ஏற்றபடி பிரித்து எழுதுவது செலவையும் குறைக்கும்.

“710 தான் சார் போடுறோம்” என்று வாயால் சொல்வது எளிது. ஷீட்டின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். எண், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், அது யாருக்குக் கொடுத்த உரிமம், இப்போது நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். பிளைவுட்டுக்கும் ஃபிளஷ் கதவுக்கும் இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2023-ல் பிறப்பித்தது. ஷீட் வீட்டுக்கு வந்து இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். மைக்கா ஒட்டிய பிறகு எந்த முத்திரையும் கண்ணில் படாது.

நல்ல பிளைவுட்டையும் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது வெட்டிய விளிம்பு. ஷீட்டின் மேற்பரப்பில் மைக்கா இருப்பதால் தண்ணீர் நுழைவதில்லை. விளிம்பில் ஒவ்வோர் அடுக்கின் முனையும் திறந்து கிடக்கிறது. தொழிற்சாலையில் எட்ஜ் பேண்டிங் இயந்திரம் சூடான பசையோடு பட்டையை அழுத்தி ஒட்டுவதால் நாலு பக்கமும் மூடிவிடும். கையால் ஒட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பை மட்டும் ஒட்டிவிட்டு, அடிவிளிம்பையும் பின்விளிம்பையும் அப்படியே விட்டுவிடுவதுண்டு. தரையைக் கழுவும் தண்ணீர் ஏறுவது அந்த அடிவிளிம்பு வழியாகத்தான். சிங்க்குக்குக் கீழே குழாய்க்காகப் போடும் ஓட்டையின் உள்விளிம்புக்கும் இதே கதி. பொருத்துவதற்கு முன் பலகையைப் புரட்டி, நாலு விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தலைவாசல் நிலையும் கதவும் வேறு உலகம். இங்கே பேச்சு கன அடியில் நடக்கும். நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். நிற்கும் கால்கள் 7 அடியில் இரண்டு, மேல்சட்டமும் கீழ்ப்படியும் மூன்றரை அடியில் இரண்டு. ஆக நிலைக்கு 21 அடி நீளம் வேண்டும். சட்டம் ஐந்துக்கு மூன்று அங்குலம் என்றால் 21-ஐ 15-ஆல் பெருக்கி 144-ஆல் வகுக்க, ஏறத்தாழ 2.2 கன அடி. இந்தக் கணக்கு கையில் இருந்தால் மரக்கடையில் பேச்சு தெளிவாக நடக்கும்.

மரக்கடையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வைரம். தேக்கின் நடுப்பகுதியான வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஓரத்து வெள்ளைக்கு அந்தக் காப்பு கிடையாது. பாலிஷ் போட்டுவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒரே நிறமாகிவிடும் என்பதால், பாலிஷ் போடுமுன் இழைத்த நிலையில்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஈரம். இரண்டு ஊசி வைத்த கையடக்க ஈரமானியைப் புதிதாக அறுத்த முகத்தில் குத்தினால் அளவு தெரியும். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் அந்த மரம் இன்னும் தயாராகவில்லை.

அவசரம் புகும் இடமும் இதுதான். நிலை வைக்க நாள் குறித்துவிடுகிறார்கள். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் மரக்கடைக்குப் போகிறார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை போட்டு நிறுத்திய நிலை, சுவருக்குள் இருந்தபடியே உலர்ந்து முறுக்கிக்கொள்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போதே நிலை மரத்தை வாங்கி, அறுத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் நாளும் தவறாது, மரமும் உலரும்.

உலர்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது அகலவாக்கில் 5, 6 சதவீதம் வரை சுருங்கக்கூடும். நீளவாக்கில் அரை சதவீதம்கூடச் சுருங்காது. வீட்டுக்குள் வந்த பிறகும் கோடையில் சிறிது சுருங்கி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சிறிது உப்பும். பழைய தச்சர்கள் இந்த அசைவுக்கு இடம் கொடுத்தே கதவு செய்தார்கள். சட்டங்களைத் துளையும் செருகலுமாகப் பூட்டி, நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் நிறுத்தினார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகரும். இன்று அதே காடியில் பசையை நிரப்பி ஆணியும் அடித்துவிட்டால், முதல் கோடையிலேயே பலகை நடுவில் பிளக்கிறது. கதவுக்கு ஆர்டர் கொடுக்கும்போது நடுப்பலகை எப்படி நிற்கும் என்று கேட்பது, செய்பவரின் கைத்திறனை அறிய நல்ல வழி.

பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கொண்டுவந்த தேக்கில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தூண்களும், இடிபடும் வீடுகளிலிருந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் முழு மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. “பர்மா தேக்கு” என்று எழுதியிருந்தால், எந்த நாட்டு மரம் என்று பில்லோடு கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு நிறையவே வருகிறது. அதை அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே வாங்குவதில் குற்றமில்லை. பழைய மரம் வாங்கினால், அது ஏற்கெனவே நன்றாக உலர்ந்தது என்பது பெரிய லாபம். உள்ளே புதைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கும் கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலமாரி வேலையை ஆசாரியிடம் கொடுப்பதா, மாடுலர் தொழிற்சாலையிடம் கொடுப்பதா? கோணல் சுவர், சாய்ந்த கூரை, படிக்கட்டுக்கு அடியில் கிடைக்கும் இடம் இவற்றுக்கெல்லாம் நின்ற இடத்தில் அளந்து இழைக்கும் ஆசாரிக்கு நிகரில்லை. ஒரே அளவில் இருபது டிரா, கீலுக்கான 35 எம்.எம். குழி பிசகாமல் நாற்பது கதவு என்றால் இயந்திரம்தான் சரி. இரண்டையும் பிரித்துக் கொடுப்பதிலும் தவறில்லை. எப்படியானாலும் அளவு இருமுறை எடுக்க வேண்டும். வரைபடத்தின்போது எடுப்பது மின்சாரப் பாயின்ட், குழாய், புகைபோக்கி இடங்களைத் தீர்மானிக்க. பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு எடுப்பதுதான் வெட்டுவதற்கு. செங்கல் சுவரில் எடுத்த அளவை வைத்து வெட்டிய பெட்டி, பூச்சு ஏறிய சுவருக்குள் நுழையாது.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொள்ளலாம். பலகையின் தரமும் கனமும், மைக்காவின் எண், கீல், சேனல் கம்பெனி, தட்டு, டிரா எண்ணிக்கை, விளிம்பு எத்தனை பக்கம், மரத்தின் வகையும் ஈரமும், எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதே தாளிலேயே, கதவுகள் ஒரு மழைக்காலத்தைக் கடந்து திறந்து மூடிய பிறகே கடைசித் தவணை என்றும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். வேலையில் நம்பிக்கை உள்ள தச்சர் மறுக்க மாட்டார். இழுத்துப் பிடிக்கும் கதவை கார்த்திகையில் வந்து ஒரு சீவு சீவிக் கொடுப்பதும் வேலையின் பகுதிதான் என்பது அவருக்கும் தெரியும்.