கற்பனைப் படைகளை நிறுக்கும் துலாக்கோல்



இந்திரசித்தனும் கர்ணனும் ஒரே களத்தில் எதிர்ப்பட்டால் வெற்றி எவன் பக்கம்? கதாப்பிரசங்கம் கேட்டு வீடு திரும்பும் சிறுவர் இவ்வாறு வாதாடுவதுண்டு. இருவரும் வெவ்வேறு காவியங்களுக்கு உரியவர். ஒருவரையொருவர் காணவே வழியில்லை. ஆயினும் வாதம் ஓய்வதில்லை. இதே வினாவை விண்வெளிக்கு ஏற்றி வைத்து, ஐக்கிய அமெரிக்காவிலும் பிற மேல்நாடுகளிலும் கற்றறிந்தோர் பலர் பல்லாண்டுகளாக வாதாடி வருகின்றனர். "ஸ்டார் ட்ரெக்" கதைகளின் விண்கப்பற்படையும் "ஸ்டார் வார்ஸ்" கதைகளின் பேரரசுப் படையும் பொருதினால் எது வெல்லும் என்பதே அவர்களின் வினா. அவர்கள் எவ்வாறு வாதாடுகின்றனர், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பனவற்றை இன்று சற்று நோக்குவோம்.

முதலில் இரு கதைகளையும் அறிமுகம் செய்துவிடுகின்றேன். "ஸ்டார் ட்ரெக்" 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடங்கிய தொடர். அதனைப் படைத்தவர் ஜீன் ரொடன்பெரி. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸ் சேவையில் இருந்தவர். பல உலகங்கள் கூடி அமைத்த ஒரு கூட்டாட்சியும், அதன் சார்பாக விண்வெளியை ஆராயச் செல்லும் "என்டர்பிரைஸ்" என்னும் கப்பலுமே அக்கதையின் உயிர்நிலை. "ஸ்டார் வார்ஸ்" 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் திரைக்கு வந்த படம். அதனை ஆக்கியவர் ஜோர்ஜ் லூக்கஸ். கொடுங்கோன்மை மிக்க ஒரு பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த சிலரின் கதை அது. ஒரு கோளையே ஒரே வீச்சில் தகர்த்துவிடும் "மரண விண்மீன்" என்ற செயற்கை உருண்டை அப்பேரரசின் பெரும் படைக்கலம்.

வாதாடுவோர் முன்னுள்ள முதற் சிக்கல், எதனைப் பிரமாணமாகக் கொள்வது என்பது. நம் நாட்டுத் தருக்க நூலார் காட்சி, அனுமானம், ஆகமம் என்று பிரமாணங்களை வகுத்து வைத்தனர். இவர்களும் அறிந்தோ அறியாமலோ அவ்வழியே செல்கின்றனர். திரையிற் கண்டது காட்சி. கண்டதைக் கொண்டு கணக்கிடுவது அனுமானம். உரிமை பெற்ற நூல்கள் கூறுவது ஆகமம். ஸ்டார் ட்ரெக்கைப் பொறுத்தவரையிலே திரையில் வந்தது மட்டுமே செல்லும் என்பது நெடுங்கால வழக்கு. ஸ்டார் வார்ஸிலோ நாவல்களுக்கும் கைநூல்களுக்கும் முன்பு ஓரளவு இடமிருந்தது. அந்நிறுவனத்தை டிஸ்னி நிறுவனம் 2012இல் வாங்கியது. 2014இலே பழைய நாவல்கள் எல்லாம் "பழங்கதைகள்" என ஒதுக்கப்பட்டன. பல்லாண்டு முயன்று திரட்டிய சான்றுகள் ஒரே அறிவிப்பினால் செல்லாக் காசாயின. வழக்கின் நடுவே சட்டம் மாறினால் வழக்காடுவோர் நிலை என்னவாகுமோ, அதுவே இவர்கள் நிலையும் ஆயிற்று.

இனி அனுமானத்துக்கு வருவோம். 1980இல் வந்த இரண்டாம் ஸ்டார் வார்ஸ் படத்திலே பேரரசின் போர்க்கப்பல்கள் தம் வழியில் வரும் சிறுகோள்களைச் சுட்டு அழிக்கின்றன. கப்பலின் நீளம் 1,600 மீற்றர். அதனை அளவுகோலாக வைத்துத் திரையிலே சிறுகோளின் விட்டத்தை அளக்கலாம். விட்டம் தெரிந்தால் கனவளவு தெரியும். அடர்த்தியை ஊகித்தால் திணிவு தெரியும். அத்திணிவை ஆவியாக்க வேண்டிய சக்தியைப் பௌதிக நூல் கூறும். ஆனால் சிறுகோள் இரும்பா, கல்லா, பனிக்கட்டியா? அது ஆவியாயிற்றா, அன்றி வெறுமனே துகளாய்ச் சிதறிற்றா? விட்டத்தை இரு மடங்காகக் கொண்டுவிட்டால் திணிவு எட்டு மடங்காகிவிடும். அளவையில் நேரும் சிறு பிழை விடையிலே பெரும் பிழையாய் விளைவதை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது.

கோளையே தகர்த்த நிகழ்ச்சிக்கும் கணக்கு உண்டு. நம் பூமி போன்ற ஒரு கோளின் துண்டுகள் மீண்டும் ஒன்றுகூடாதவாறு அதனைப் பிரித்தெறிய வேண்டுமாயின், ஈர்ப்பின் பிணைப்பை வெல்ல வேண்டும். அதற்கு வேண்டிய சக்தியை யூலில் எழுதினால் 22 என்ற எண்ணும் அதன்பின் 31 பூச்சியங்களும் வரும். நம் சூரியன் ஏறத்தாழ ஒரு வாரம் முழுவதும் எல்லாத் திசைகளிலும் வெளியிடும் சக்தி அது. இது குறைந்த எல்லை மட்டுமே. திரையிலே துண்டுகள் விரைந்து பறக்கின்றன என்பது ஒரு சாரார் வாதம். வேகம் நூறு மடங்கானால் சக்தி பதினாயிரம் மடங்காகும் என்பது பௌதிக விதியாதலின், அவர்கள் காணும் விடை இன்னும் பன்மடங்கு உயர்ந்துவிடும்.

ஆகமத்தின் நிலை வேறு. 1991இல் வெளிவந்த ஸ்டார் ட்ரெக் தொழில்நுட்பக் கைநூல், "போட்டன் டோர்ப்பிடோ" எனப்படும் எறிபடை ஒன்று 1.5 கிலோகிராம் எதிர்ச்சடப்பொருளைத் தாங்கும் எனக் கூறுகின்றது. அது அவ்வளவு சடப்பொருளோடு கூடி முற்றாக அழிந்தால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஏறத்தாழ 64 மில்லியன் தொன் வெடிமருந்தின் ஆற்றல் வெளிப்படும். 1961இலே சோவியத்து நாடு வெடித்துச் சோதித்த குண்டு ஏறத்தாழ 50 மில்லியன் தொன். மனிதர் வெடித்தவற்றுள் அதுவே பெரிது. எனவே கற்பனையாயினும் இது நாம் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவினது.

மறுதரப்பார் 2002இல் வெளிவந்த வேறொரு நூலை எடுத்து முன்வைப்பர். ஸ்டார் வார்ஸ் கப்பல்களின் உள்ளமைப்பைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் அந்நூலுக்கு உரை எழுதிய கர்ட்டிஸ் சாக்ஸ்டன் வானியற்பௌதிகம் கற்றவர். போர்வீரரை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலின் பீரங்கி, ஒரு சூட்டுக்கு 200 பில்லியன் தொன் வெடிமருந்தின் ஆற்றலுடையது என்று அந்நூல் குறித்தது. முன்சொன்ன சோவியத்துக் குண்டைப்போல் 4,000 மடங்கு! இந்த ஒரு வரியோடு வழக்கு முடிந்தது என்றனர் ஒரு சாரார்.

ஆனால் முடியவில்லை. 1995இல் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் கதையொன்றிலே 20 கப்பல்கள் ஒரு கோளைத் தாக்குகின்றன. முதல் வீச்சிலேயே கோளின் மேலோட்டில் நூற்றுக்கு 30 பங்கு அழிந்தது எனக் கப்பலில் ஒருவர் அறிவிக்கின்றார். கைநூல் கூறும் ஆற்றலால் இது நடவாது. ஆகவே கைநூல் பிழை, காட்சியே மெய் என்பது ட்ரெக் தரப்பு. மறுதரப்பார் குறுக்கு விசாரணை தொடங்குகின்றனர். அதே கதையில் அக்கோளிலே பகைவர் எவரும் இல்லை. பொய்யான அறிகுறிகளை அனுப்பும் கருவி ஒன்றே இருந்தது. உயிருள்ளோர் இருப்பதாக ஏமாந்த அதே உணர்கருவிகள், மேலோட்டின் அழிவை மட்டும் சரியாக அளந்தன என்று எவ்வாறு நம்புவது? நீதிமன்றத்திலே தேர்ந்த சட்டத்தரணி ஒருவர் சாட்சியைக் கேட்பது போன்ற கேள்வி இது. இதனை எழுப்பியவர் எத்தரப்பினராயினும் அக்கூர்மையை நாம் பாராட்டலாம்.

இத்தகைய கூர்மை சிலபோது பயனும் தந்துள்ளது. "எக்ஸிகியூட்டர்" என்ற பெருங்கப்பலின் நீளம் 8 கிலோமீற்றர் என்று உரிமை பெற்ற நூல்கள் தொடக்கத்திலே கூறின. திரையில் அக்கப்பலையும் பக்கத்திலே செல்லும் கப்பல்களையும் அளந்த ரசிகர்கள், அது மற்றவற்றைவிட ஏறத்தாழ 11 மடங்கு நீளமானது, ஆதலால் 17 கிலோமீற்றருக்கு மேற்படும் என்று விடாது வாதிட்டனர். இன்று அதற்கு ஏற்கப்பட்ட நீளம் 19 கிலோமீற்றர். அச்சேறிய எழுத்தைக் கண்ணாற் கண்ட சான்று வென்றது என்பதே இதன் பொருள். நூலில் உள்ளது என்பதற்காகவே ஒன்றை ஏற்காமல் அளந்து பார்த்து ஏற்கும் மனப்பாங்கு, எங்கே தோன்றினும் நல்லதே.

படைக்கலம் மட்டும் படை வலிமை ஆகாது. விரைவும் தொகையும் வேண்டும். 1995இல் தொடங்கிய மற்றொரு ட்ரெக் தொடரிலே, வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் அகப்பட்ட கப்பல் ஒன்று திரும்பிவர 75 ஆண்டுகள் செல்லும் எனக் கணிக்கின்றது. அஃதாவது ஒளியின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஸ்டார் வார்ஸ் மாந்தரோ தம் விண்மீன் மண்டலத்திலே நெடுந்தொலைவுகளை அயலூருக்குச் செல்வார் போலச் சென்று மீள்கின்றனர். இடத்தையும் காலத்தையும் தேர்ந்து தாக்கும் உரிமை விரைவுடையோனுக்கே உண்டு. ஆதலின் பீரங்கிக் கணக்கைவிட இவ்வாதமே வலியது என்பது என் கருத்து.

தொகைக் கணக்கிலோ ஸ்டார் வார்ஸ் தரப்பு இடறுகின்றது. 2002ஆம் ஆண்டுப் படத்தில், பல்லாயிரம் சூரிய மண்டலங்கள் குடியரசிலிருந்து பிரிய முற்பட்டன எனத் தொடக்க வாசகம் கூறுகின்றது. அவற்றோடு பொருதற்கு ஆக்கப்பட்ட படையோ 2 இலட்சம் அலகுகள் ஆயத்தம், இன்னும் ஒரு மில்லியன் வளர்ந்து வருகின்றன என்ற அளவினது. பிரிந்த மண்டலங்கள் 5,000 என்று கொள்வோம். ஓர் அலகு ஒரு வீரன் என்று கொள்வோம். ஒரு சூரிய மண்டலத்துக்கு 240 வீரர் கிடைப்பர்! 1945இலே அமெரிக்கா என்ற ஒரு நாடு மட்டும் ஏறத்தாழ 12 மில்லியன் பேரைப் படைகளில் வைத்திருந்தது. ஆகவே அலகு என்பது வீரன் அன்று, ஒரு படைப்பிரிவு என்று சிலர் உரை கண்டனர். ஒரு சொல்லின் பொருளைப் பற்றி உரையாசிரியர்கள் மாறுபட்டு நின்றது போன்ற காட்சி இது.

இவ்வளவு முரண்கள் ஏன்? காரணம் எளிது. கதையை எழுதியோர் படைக் கணக்கு எழுத அமரவில்லை. கப்பல் எப்பொழுது வந்து சேர்ந்தால் கதை சுவைக்குமோ அப்பொழுது வந்து சேரும். மேலும், இரு கதைகளின் போர்களும் எதிர்காலத்திலிருந்து வந்தவை அல்ல; கடந்த காலத்திலிருந்து வந்தவை. 1966 டிசம்பரில் ஒளிபரப்பான ட்ரெக் கதையொன்று, ஒரு நாசகாரிக் கப்பலும் நீர்மூழ்கிக் கப்பலும் ஒன்றையொன்று வேட்டையாடும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பின்பற்றியது. மரண விண்மீனின் அகழிக்குள்ளே பறந்து தாக்கும் காட்சி, ஜெர்மானிய அணைகளைத் தகர்த்த பிரித்தானிய விமானிகளைப் பற்றிய 1955ஆம் ஆண்டுப் படத்துக்குக் கடன்பட்டது. ஆகவே நாம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது இரண்டு எதிர்காலங்களை அன்று. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய இரண்டு நினைவுகளையே.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, செய்யும் செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணையாவார் வலி என நான்கையும் தூக்கச் சொன்னார். இவ்வாதத்தில் ஈடுபட்டோர் நடுவில் உள்ள இரண்டையுமே தூக்குகின்றனர். எதற்காகப் போர், துணை நிற்போர் யார் என்ற இரண்டும் துலாக்கோலில் ஏறுவதில்லை. ட்ரெக் கூட்டாட்சியின் வலிமை பகைவரையும் நண்பராக்கும் அதன் துணைவலியில் உள்ளது. ஸ்டார் வார்ஸ் பேரரசோ எத்துணைப் பெரும் படைக்கலம் வைத்திருந்தும், துணைவர் அற்றதால் தன் கதைக்குள்ளேயே ஒரு சிறு கூட்டத்தாரிடம் தோற்றது. இதனைக் கணக்கில் எழுத அவர்களிடம் யூலும் இல்லை, தொன்னும் இல்லை.

இவ்வுண்மையை முன்னரே கதையாக்கியவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1951இலே "மேம்பாடு" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை வெளியிட்டார். அதில் விஞ்ஞானத்தில் மேம்பட்ட தரப்பே தோற்கின்றது. புதிது புதிதாகப் படைக்கலங்களைக் கண்டுபிடித்து, பழகிய படைக்கலங்களைக் கைவிட்டு, ஒவ்வொரு முறையும் ஆயத்தமாகுமுன்னே இடத்தை இழந்து, ஈற்றில் பழைய ஆயுதங்களோடு தொகையாக வந்த பகைவனிடம் அது சரணடைகின்றது. படைக்கலக் கணக்கு மட்டும் பார்ப்போர் ஒருமுறை படிக்க வேண்டிய கதை.

ஆயின் இவ்வாதம் வீண் வேலையோ என நீங்கள் வினவலாம். அன்று என்பேன். கணக்கென்றால் கசக்கும் பிள்ளை, விருப்பமான கப்பலுக்காக அடர்த்தியும் கனவளவும் சக்தியும் தானே தேடிக் கற்பான். சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேற்றுமையை உணர்வான். அதனைத் தடுக்க வேண்டா. ஆனால் விடையை முன்னரே முடிவுசெய்துகொண்டு அதற்கேற்ற எண்ணைத் தேடும் பழக்கம் வந்துவிடாமற் காக்க வேண்டும். தன் தரப்புக்குப் பாதகமான சான்றையும் தானே எடுத்துக் கூறுபவனே மெய்யான ஆராய்ச்சியாளன்.

இன்னும் ஒன்று. அக்கோள் தகர்ந்த காட்சியிலே 22 என்ற எண்ணையும் 31 பூச்சியங்களையும் கண்டவர்கள், அங்கே குடியிருந்தோரை எண்ணுவது அருமை. கதையின் ஆசிரியர் அக்காட்சியை வைத்தது ஆற்றலை வியப்பதற்காக அன்று. அத்தகைய ஆற்றல் ஒரு கையில் சேர்வதன் கொடுமையைக் காட்டுவதற்காக. போர் என்பது இன்னதென்று அறிந்த நாட்டிலே வாழும் நாம், பிள்ளைகள் கணக்கைச் செய்து முடித்ததும் இக்கேள்வியையும் அவர்கள் முன் வைப்போமாக: அந்தக் கோளில் இருந்தவர்கள் யார்? அவர்கள் செய்த குற்றம் யாது?