சுக்குமல்லி ஓகே, தேன் மட்டும் கவனம்!

டொரன்டோவில் நவம்பர் வந்தாலே வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். 6 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல் சிரப் கொடுக்காதீங்க என்கிறது ஹெல்த் கனடா. அப்போ வேற என்ன கொடுப்பது?

எங்கள் வீட்டில் சுக்குமல்லிதான். நாலு பங்கு மல்லி விதைக்கு ஒரு பங்கு சுக்கு, கொஞ்சம் மிளகு, ரெண்டு ஏலக்காய். மல்லியை வாசம் வர வறுத்து, சுக்கைத் தட்டிப்போட்டு எல்லாம் சேர்த்து அரைத்து வைத்தால் மாசம் முழுக்க ஓடும். ரெண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் கருப்பட்டி சேர்த்து வடிகட்டணும். ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் எல்லாமே கிடைக்குது. பிள்ளைகளுக்கு மிளகைக் குறைங்க, இல்லாட்டி ‘ஸ்பைசி’ என்று தள்ளிவிடுவாங்க.

இது வைரஸைக் கொல்லாது. தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் டாக்டர்தான்.

தேன் விஷயத்தில் நான் பிடிவாதம். 1 வயசு ஆகாத குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் துளிகூட வேண்டாம். தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். சும்மா கொதிக்கவைத்தால் அவை சாகாது. ஊரிலிருந்து வந்த அம்மா, “உனக்கும் வச்சோமேடா” என்பார்கள். சொல்லட்டும். தேன் பாட்டிலை மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.